பாதிக் கப்பல்

துணிப் பேலைத் தொடுமுன் மங்கை தன் இரண்டு உள்ளங்கைகளையும் முகர்ந்து பார்க்கிறாள். மீன் வாடை இல்லை. பிறகுதான் கடப்பாரையை எடுக்கிறாள்.

ராயபுரத்துக் கிடங்கில் பேல் பேலாக, பெரும் பொதிகளாகக் கட்டி அடுக்கியிருப்பவை கட்டம் போட்ட மதராஸ் கைக்குட்டைத் துணிகள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போக வேண்டியவை. அங்கே பேலைப் பிரித்ததும் முகர்ந்து பார்ப்பார்களாம். மஞ்சளும் நல்லெண்ணெயும் கலந்த சாய வாசனை இல்லையென்றால் போலி என்று தள்ளிவிடுவார்களாம். அதற்காகவே மங்கை மீனைத் தொடுவதை விட்டாள். காசிமேட்டில் பிறந்தவளுக்கு அது சின்னக் காரியமல்ல. வீட்டில் நாத்தனார்தான் மீன் ஆய்கிறாள். "வந்துட்டாங்கடி ஐயிரு வூட்டம்மா" என்று குப்பமே சிரிக்கிறது.

அந்தக் கரையை ஆளும் வெள்ளைக்கார சர்க்கார், வெளிநாட்டுத் துணி இவ்வளவுக்கு மேல் இறங்கக் கூடாது என்று கோட்டா வைத்ததிலிருந்து பேல்கள் நகராமல் கிடந்தன. "கோட்டா வந்தாத்தான் சரக்கு போவும்" என்று கணக்கர் ஆசீர்வாதம் சொன்னதைக் கேட்டு, கோட்டா என்பது கப்பலின் பெயர் என்று நினைத்துவிட்டாள் மங்கை. துறைமுக வாசலில் நின்று வாரக்கணக்கில் விசாரித்தாள். வண்டிக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிக் கேலி செய்வதை விடுவதில்லை.

"இன்னா மங்க, உன் கப்பலு தெரியுதா?"

"தெரியுது மாமு. உன் மாடுதான் மறைச்சுகினு நிக்குது."

மழைக்காலம் தொடங்கிவிட்டது. தரையில் ஈரம் ஏறினால் பேலின் அடிப்புறம் பூசணம் பிடிக்கும், வாசனை போய்விடும். படுக்கையில் விழுந்தவருக்கு முதுகுப்புண் வராமல் புரட்டிப் போடுவதுபோல் ஒவ்வொரு பேலையும் நாள்தோறும் புரட்டுகிறாள். நாலு ஆள் தூக்கும் சுமை. மூலையில் கடப்பாரையை நுழைத்து, மூச்சை அடக்கி, இடுப்பால் ஒரு தள்ளு. பேல் சத்தமில்லாமல் மறுபக்கம் சாய்கிறது. நோயாளிகளைப் புரட்டியே காய்த்துப்போன கைகளும் அதைப் பார்த்தால் கும்பிடும்.

சென்ற வாரம் ஆசீர்வாதம் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

"கோட்டா வந்துட்டு, மங்க. ஆனா பாதிச் சரக்குக்குத்தான்."

"பாதிக் கப்பலு எப்பிடி நைனா மெதக்கும்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மிச்சம் அடுத்த வருசம். அதுக்குள்ள கெட்டுச்சுன்னா மொதலாளி கிடங்கப் பூட்டிருவாரு. அப்புறம் நீயும் நானும் வேற சோலி பாக்க வேண்டியதுதான்."

"எனுக்கு இன்னா, மீன் கூடை கீது. நீ இன்னா பண்ணுவே?"

மாட்டுவண்டிகள் பாதியை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயின. வாசல்வரை போய்ப் பார்க்கவில்லை அவள். உள்ளங்கைகளை முகர்ந்தாள். மிச்சமிருந்த வரிசையின் முதல் பேலுக்கு அடியில் கடப்பாரையை நுழைத்தாள்.