காபித் திருவிழாவுக்குப் பொடி தேடிப் போனது

காலை ஏழரைக்கு உத்தரகோசமங்கையில் பஸ் ஏறினோம். நானும் என் வீட்டுக்காரி ராக்கம்மாளும். இராமநாதபுரம் பதினெட்டு கிலோமீட்டர். ஆளுக்குப் பதினைந்து ரூபாய்.

கோயில் வாசலில் எனக்குக் காபிக்கடை. உள்ளூர்க்காரர்கள் குறை சொல்வதில்லை. வெளியூர்க்காரர்கள் பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போகிறார்கள். வெளியூர்க் கூட்டம் திரளும் ஆருத்ரா தரிசனத்துக்கு இருபது நாள் இருந்தது. அதற்குள் நல்ல பொடி கிடைக்காவிட்டால் காபியை விட்டுவிட்டு டீ மட்டும் போடுவதென்று இருந்தேன். அப்போதுதான் இராமநாதபுரத்தில் காபித் திருவிழா என்று நோட்டீஸ் வந்தது.

கண்டக்டர் தெரிந்தவர். "காபிக்குத் திருவிழாவாண்ணே? சாமி யாரு?"

"நீ டிக்கெட்டக் கிழி."

எட்டரைக்கு இறங்கி அரை கிலோமீட்டர் நடந்தோம். கல்யாண மண்டபம். நுழைவு பத்து ரூபாய். குடகு, ஏற்காடு, தாண்டிக்குடித் தோட்டக்காரர்கள் மேசை போட்டிருந்தார்கள். கண்ணெதிரே வறுத்து, அரைத்து, காகிதத்தில் வடித்து, பாலும் சீனியும் இல்லாமல் கொடுத்தார்கள். டீ நிறம். முதல் மடக்கு புளித்தது. கெட்டுப்போனது என்று கீழே வைத்தேன்.

தாண்டிக்குடி மேசைப் பெண் சிரித்தார். "காபியும் பழந்தானுங்க ஐயா. ஆற விட்டுக் குடிங்க."

ஆறியதும் ஆரஞ்சுச் சுளை வாசம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் காபி போட்டிருக்கிறேன். அது பழம் என்பது அன்றுதான் நாக்கில் பட்டது.

கொண்டு போன கடைப்பொடியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மோந்து பார்த்தார். "பொடி மோசமில்லைங்களே. என்ன தண்ணி ஊத்துறீங்க?"

எங்கள் பக்கம் வெளியூர் போனால் வீட்டுத் தண்ணீரும் கூட வரும். ராக்கம்மாள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தாள். "இந்தக் கெணத்துத் தண்ணிதான் தாயி."

என் பொடியையே இரண்டாகப் போட்டார். ஒன்று கிணற்றுத் தண்ணீர், ஒன்று கேன் தண்ணீர். எது எதென்று சொல்லவில்லை. நான் இடது டம்ளரைக் காட்டினேன். "இதுதான் காபி. மத்தது சப்புன்னு இருக்கு."

"நீங்க காட்டினதுதான் உங்க கிணத்துத் தண்ணிங்க."

ராக்கம்மாள் இரண்டையும் குடித்து, வலது டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் பிறந்தது மாரியூர். கடலோரந்தான். ஆனால் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும்.

"வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து உப்புத் தண்ணி, உப்புத் தண்ணின்னு சொல்றேன். மனுசனுக்கு நாக்கே உப்புல ஊறிக் கெடக்கு. பொடி தேடி வந்துட்டாரு."

பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

பன்னிரண்டுக்குக் கிளம்பினோம். தாண்டிக்குடிப் பொடி கால் கிலோ, வீட்டுக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தண்ணீர்க் கேன், கடைக்கு.

அதே கண்டக்டர். "என்னண்ணே, காபித் திருவிழாவுக்குப் போயிட்டுத் தண்ணி தூக்கிட்டு வாரீக?"

"லக்கேஜ் போடு."

மறுநாள் காலை பழைய பொடி, கேன் தண்ணீர். எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. மதுரை வேன் டிரைவர் ஒருவர் குடித்தார். டம்ளரில் நுரைதான் மிச்சம். இன்னொன்று கேட்டார்.

ஆருத்ராவுக்குக் காபி உண்டு. போடுவது நான். ருசி பார்ப்பது ராக்கம்மாள்.