இல்லாத காமாலை

எனக்குக் காமாலை வந்ததே இல்லை. வந்ததாகப் பொய் சொன்னேன்... என் தங்கையின் சிகிச்சை அந்தப் பொய்யோடு நின்றுபோயிற்று.

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

தங்கை மீனாவுக்குப் பிறவியிலேயே தோல் நோய். லேசாக உரசினாலும் கொப்புளம் கிளம்பும், உடைந்தால் புண். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் அப்போதே நான்கு வருடமாக மூடாமல் இருந்தது. எங்கள் செல்லூர் வீட்டில் அவள் குப்புறப் படுத்துத்தான் தூங்குவாள்.

அப்போது இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். தோல் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். நோயில்லாத உடன்பிறப்பின் தோலில் பொட்டளவு எடுத்து, அதன் செல்களைச் சென்னையில் வளர்த்து, புண்ணைச் சுற்றி ஊசியாகப் போடுவார்களாம். “ஆறும்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. முயற்சி பண்ணலாம்” என்றார்.

அந்த மாதம்தான் எனக்கு எங்கள் ஊர் கே.கே. நகரிலேயே மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மீனாவுக்குச் சின்ன வயதில் தீப்பட்டது என்று அவர்களிடம் சொல்லியிருந்தோம். நான் தோல் கொடுத்தது தெரிந்து எதற்கென்று விசாரித்தால், தீப்புண் இல்லை, பரம்பரை வியாதி என்பதும் தெரிந்துவிடாதா? கல்யாணம் நின்றுவிடாதா?

“சமீபத்துல காமாலை வந்துச்சாம்மா?” வழக்கமான கேள்விகளில் ஒன்றாகத்தான் டாக்டரம்மா கேட்டார்.

“வந்துச்சு டாக்டர். ஹாஸ்டல்ல இருந்தப்ப.”

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! கிருமி தங்கியிருக்கலாம், ஒரு வருடம் போகட்டும் என்று அவர் தாளை மடித்துவைத்தார்.

வெளியே வந்ததும் மீனா கேட்டாள்: “எப்பக்கா வந்துச்சு? எங்கிட்டச் சொல்லவே இல்லயே!”

“நீ பயந்துக்கிருவேன்னுதான்...”

மறுநாள் காலையில் அம்மிச் சத்தம் கேட்டு எழுந்தேன். மீனா கீழாநெல்லி அரைத்து முடித்திருந்தாள். குழவியை அவள் தொடவே கூடாது! மோரில் கலந்து தம்ளரை நீட்டினாள். உள்ளங்கைத் தோல் வழன்று கிடந்தது.

“மிச்சம் வைக்காமக் குடிக்கா. அடுத்த வருசம் குடுத்துருவேல்ல?”

குடித்தேன்.

அடுத்த வருடம் நான் பிள்ளைத்தாய்ச்சி. அதற்கடுத்த வருடம் டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தார். மீனாவின் நோய் என் வீட்டுக்காரருக்குத் தானாகவே தெரியவந்தது. “அம்புட்டுதானா? இதையா மறைச்சீக?” என்றவர், அன்றைக்கே மீனாவுக்கு இலவம்பஞ்சு மெத்தை வாங்கிக் கொடுத்தார். அவரிடம்கூடக் காமாலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை...

ஊசி போட்டிருந்தாலும் ஆறியிருக்காதோ? இப்படி என்னையே கேட்டுக்கொண்டுதான் நாளைத் தள்ளுகிறேன். புண் இன்னும் இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்குச் செல்லூர் போயிருந்தேன். அம்மா என் இலையில் வடை வைக்க வந்தாள். மீனா கையை நீட்டி மறித்தாள்.

“அக்காவுக்கு எண்ணெய்ப் பலகாரம் வேணாம்மா. காமாலை வந்த உடம்பு.”

“ஆமாம்மா, வேணாம்” என்றேன்.