வாக்குக் கொடுத்த பிறகு கேட்ட உதவித்தொகை

எனக்கு நெடுநாள் பழக்கமான யோகன் அண்ணை குளிர் அங்கியைக்கூடக் கழற்றாமல் என் அலுவலக அறைக்குள் வந்து, "தங்கச்சி, பிள்ளைக்கு மெடிசின் படிக்க இடம் கிடைச்சிட்டுது!" என்றார். பின்னால் நின்ற மகள் நிரோஷா சிரித்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

"கிடைச்சது உண்மை அன்ரி. போகேலுமோ எண்டுதான் தெரியேல்லை."

அப்போது நான் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் நிதி ஆலோசகராக இருந்தேன்; அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். 'உதவித்தொகையைக் கூட்டிக் கேட்கலாமா?' என்று இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது நிரோஷாவின் கதையைத்தான்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் வளர்ந்த பிள்ளை, எங்கள் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. இங்கே மருத்துவத்துக்கு இரண்டு முறை முயன்றும் இடம் கிடைக்கவில்லை. அடுத்து ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு 'எர்லி டிசிஷன்' முறையில் விண்ணப்பித்தாள். அந்த முறையில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று முன்கூட்டியே கையொப்பமிட வேண்டும். பதில் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடும். அவளுக்கும் வந்தது. கூடவே உதவித்தொகை விவரமும் வந்தது. உதவி மிகக் குறைவு. போதாததற்கு, வெளிநாட்டு மாணவி என்பதால் நான்கு வருடக் கட்டணத்தையும் முதலிலேயே வங்கியில் வைப்பிலிட்டுக் காட்ட வேண்டுமாம்.

"வேறை கொலிஜிலயும் கிடைச்சிருக்கு, அவங்கள் கூடக் காசு தாறாங்கள் எண்டு சொன்னா என்ன?" என்றார் யோகன் அண்ணை.

"அப்பா, வேறை இடத்துக்கு நான் விண்ணப்பம் போடவே இல்லை. பொய் எண்டு தெரிஞ்சா உள்ள இடமும் போயிடும்."

அவள் சொன்னது சரி. பேரம் பேசுகிறவர் கையில் எழுந்து போகும் உரிமை இருக்க வேண்டும். இவளிடம் அது இல்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் கல்லூரி போட்டிருந்த குடும்ப வருமானக் கணக்கைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது.

"அண்ணை, நீங்கள் இப்ப எத்தினை இடத்தில வேலை?"

"ஒரு ரெஸ்ரோறன்ற் கிச்சின்தான். முந்தி ரெண்டு. தோள் ஒப்பரேஷனுக்குப் பிறகு ஏலாமப் போச்சு."

கல்லூரி கணக்கிட்டிருந்தது அந்த இரண்டு வேலைச் சம்பளத்தை! எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டே கோரிக்கைகள் என்று முடிவு செய்தோம்: இன்றைய வருமானத்தை வைத்து மறுபரிசீலனை செய்ய வேண்டும், வைப்புப் பணத்தை வருடா வருடம் கட்ட விட வேண்டும்.

"நீங்களே கதையுங்கோ அன்ரி," என்றாள் நிரோஷா.

"இல்லைப் பிள்ளை. படிக்கப் போறது நீ. உன்ர குரலைத்தான் அவை கேக்கோணும்."

என் மேசைத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டோம். கல்லூரியின் நிதி உதவி அதிகாரி ஒரு பெண்மணி. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. நிரோஷா தகப்பனின் சத்திரசிகிச்சையையும் எங்கள் இரண்டு கோரிக்கைகளையும் சொல்லி முடித்தாள்.

"வேறு கல்லூரி ஏதும் இதைவிட நல்ல உதவி தந்திருக்கிறதா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

யோகன் அண்ணை மகளின் முகத்தையே பார்த்தார். நிரோஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லை. உங்கள் கல்லூரிக்கு மட்டும்தான் வாக்குக் கொடுத்தேன். அதை மீற எனக்கு விருப்பமில்லை. நான் வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். செய்கிறேன்."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மருத்துவமனைச் சான்றையும் இப்போதைய சம்பளச் சீட்டையும் அனுப்புங்கள். குழுவில் நானே பேசுகிறேன்," என்றது குரல்.

அன்றைக்கே அனுப்பினோம். பதில் வரும்வரை எனக்கு வேறு கோப்பு எதிலும் மனம் செல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் மெட்ரோவில் இருந்து நிரோஷா அழைத்தாள். இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"அன்ரி! ஓம் எண்டிட்டினம்! வருஷா வருஷம் கட்டினாப் போதுமாம்! உதவியும் கூட்டியிருக்கினம்! மிச்சத்துக்குக் கடன் எடுக்கலாம்!"

நான் கத்தியதில் பக்கத்து அறை பிரெஞ்சுக்காரி ஓடி வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவளும் சேர்ந்து கத்தினாள். நிரோஷாவுக்குப் பின்னால் யாரோ கைதட்டுவதும் கேட்டது. மெட்ரோ பெட்டியில் முன்பின் தெரியாதவர்களாம்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உறுதியாக வரப்போகிறவரை இழக்க எந்தக் கல்லூரியும் எளிதில் விரும்பாது. அதனால் வேறு கல்லூரிக்குப் போய்விடுவேன் என்று மிரட்ட வழியில்லையே என்று மாணவரைப் பேசாமல் இருக்க விடாதீர்கள். நிலைமை மாறியிருந்தால் உள்ளதைச் சொல்லி, வேண்டியதைத் தெளிவாகக் கேட்கச் சொல்லுங்கள். தொலைபேசியை மாணவரின் கையில் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.