ஏழடி உயரச் சிமென்ட்

அன்றைக்குக் கோயிலுக்குள் இருந்தவர்கள் நான்கே பேர்: பங்குச் சாமியார், அவர் கூட்டிவந்த இன்ஜினியர், கோயிலைப் பெருக்கும் அம்மாள், நான். மற்ற மூவருக்கும் அங்கே வேலை இருந்தது. எனக்கு இல்லை. மனைவியைக் கோயிலின் பின்பக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ததிலிருந்து திருமுல்லைவாயில் வீட்டில் எனக்குப் பகல் போவதேயில்லை. பஸ் பிடித்துக் குத்தம்பாக்கம் தாண்டி இங்கே வந்து, பெண்கள் பக்கத்தில் அவள் உட்காரும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன்.

சின்னக் கோயில்தான். கூலிக்கு நாற்று நட்ட சனங்கள் பொழுது சாய்ந்தபின் ஏரி மண்ணில் கல் அறுத்து, சுட்டு, சுமந்து கட்டியது என்பார்கள். எந்த வருஷம் என்று கல்வெட்டில்லை. சுவர் இரண்டரை அடிக் கனம், சுண்ணாம்புச் சாந்து. மேலே தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல்லை நிற்கவைத்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. வாசலுக்கு மேலே ஒரு வட்ட ஜன்னல். சாயங்கால வெயில் அதன் வழியே இறங்கி, தரையில் மெல்ல நகர்ந்து பீடத்தின் படியில் ஏறும். நான் ஆறாவதோடு நின்ற கொத்தனார். அந்த வெயிலுக்குக் கணக்குப் போட்டவன் எவ்வளவு படித்தவனோ, தெரியாது.

இன்ஜினியர் ஒரு ரூபாய் நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக். ஓரிடத்தில் உளியை வைத்தார். பூச்சு பலகைபோல் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் ஈரமாய், விரலால் தொட்டால் உதிர்ந்தது.

"போச்சு ஃபாதர். சுவரு முழுக்க இப்படித்தான் இருக்கும். இடிச்சிடறதுதான் நல்லது."

"கமிட்டியும் அதைத்தான் சொல்லுது. மெயின் ரோட்டுல இடம் பாத்தாச்சு" என்றார் சாமியார்.

கோயில் போய்விட்டால் இந்த வழி யார் வருவார்? கல்லறைத் தோட்டத்துக்கு வேலி எத்தனை நாள் நிற்கும்? ஆனால் வாய் திறந்தால் மாட்டிக்கொள்வது நான்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அடிச்சுவர் ஓதம் ஏறிப் பொரிந்தபோது, சுண்ணாம்பைக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமென்ட் பூசியவன் நான். மறுபடி பொரிந்த இடத்தில் இன்னும் ஒரு கை சிமென்ட் கூட்டினேன். பலம் என்று நினைத்தேன். சுவர் மூச்சு விட முடியாமல் உள்ளுக்குள் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஏழடி உயரத்துக்குத்தான் பூசினேன். மேலே பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. பெயின்ட் அடித்ததில் ஒட்டுத் தெரியவில்லை. விவரம் தெரிந்த அப்போதைய சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார்.

இன்ஜினியர் உளியைப் பையில் போட்டார்.

"சார், மேலே தட்டிப் பாருங்க" என்றேன். "சிமென்ட் நான் பூசினது. ஏழடிதான்."

பெருக்கும் அம்மாள் துடைப்பத்தை நிறுத்தினாள். "அடப்பாவி அண்ணாத்தே! தெனம் வந்து குந்திகினு கீறியே, ஒரு வார்த்த சொல்ல மாட்டே?"

இன்ஜினியர் ஏணியில் ஏறினார். எட்டாவது அடியில் உளியை வைத்து அடித்தார். உளி எகிறியது. மற்ற மூன்று சுவரிலும் அப்படியே.

"மேல கல்லு மாதிரி கீது" என்று அவருக்கு முன்னால் அந்த அம்மாளே சொல்லிவிட்டாள்.

இறங்கியவர் என்னைப் பார்க்காமல் சாமியாரிடம் பேசினார். சிமென்ட்டைப் பெயர்த்து, சுவரைக் காயவிட்டு, உதிர்ந்த கல்லை மாற்றி, சுண்ணாம்பு பூசினால் நிற்குமாம். இடிக்க வேண்டாம்.

சுண்ணாம்பு பூச வேறு ஆட்கள் வருவார்கள். பெயர்க்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தனியாகத்தான் கொத்துகிறேன். சத்தம் கூரையில் மோதித் திரும்பி வருவதால் பக்கத்தில் இன்னொருவன் கொத்துவதுபோல் இருக்கும். நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான்.

அப்போது சிமென்ட் பூச வாங்கிய கூலி பதினாறாயிரம். திருப்பித் தருகிறேன் என்றபோது, "யாரும் கேக்கலையே மேஸ்திரி" என்றார் சாமியார்.

"கடவுளு இன்னா வட்டிக் கடையா வெச்சினு கீறாரு?" என்று அந்த அம்மாளும் சிரித்தாள்.

எனக்குத் தூக்கம் வரவேண்டுமே. மாதம் ஆயிரத்து ஐந்நூறு கொடுக்கிறேன். மூன்று மாதம் ஆயிற்று. இன்னும் பாக்கி பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.