சக்கர நாற்காலி ஏறக்கூடிய மலைகள்

கொதித்துப்போன பிரேக்கின் நெடி அந்த மலைப்பாதை முழுக்க இருந்தது. எங்களைத் தாண்டி இறங்கிய ஒவ்வொரு வண்டியும் கருகிய ரப்பரும் சூடேறிய இரும்பும் கலந்த அந்த வாசனையைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போக, அதை மூக்கில் வாங்கிக்கொண்டு நானும் அப்பாவும் ஜெபல் ஹஃபீத்தின் உச்சியிலிருந்து அல் அய்ன் நகரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். அந்தச் சாலையில் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம், நடப்பவர்களைப் பார்க்க முடியாது. ஒரு பட்டாணியர் வண்டியை ஓரம் கட்டி, "பாய், காடி கராப்?" என்று கேட்டார். வண்டி கெட்டுவிட்டதா என்பது கேள்வி. அப்பா, "காடி டீக் ஹை, டிரைவர் கராப்" என்றார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டுபவன்தான் கெட்டுவிட்டான் என்று பொருள். பட்டாணியர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அது உண்மை என்று அவருக்குத் தெரியாது.

அப்பாவின் அக்குளில், ஓட்டுநர்கள் முதுகு வேர்க்காமலிருக்க இருக்கையில் போட்டுக்கொள்ளும் மரமணி விரிப்பு சுருட்டியபடி இருந்தது. அந்த வண்டியில் அவருக்குச் சொந்தமானது அது ஒன்றுதான். நடக்க நடக்க மணிகள் கலகலத்தன.

"மலைக்குப் போனா மொட்ட போட்டுக்கிட்டு வருவாங்க தம்பி. நமக்கு மொட்டையும் போட்டு, சாவியையும் புடுங்கிட்டாங்க" என்றார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை தவறியிருந்தேன். பள்ளியில் போதும் என்றார்கள், எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் அல் அய்னில் ஓர் அரபு வீட்டில் வேலை பார்த்தார்கள். அப்பா வண்டி ஓட்டினார். அம்மா சமைத்தாள், அந்த வீட்டின் மூத்த அம்மாளைக் குளிப்பாட்டி உடுத்தி சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். வீட்டார் அவரை 'ஹஜ்ஜியா' என்பார்கள், நாங்கள் 'ஹஜ்ஜம்மா' என்போம். அவருக்குக் கண் மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் பிரிந்து தெரியும். வளாகத்தின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். அவருடைய மகன்தான் எங்கள் 'கஃபீல்'. எங்கள் மூவரின் விசாவும் அவர் பெயரில் இருந்தது. வேலை போனால் அறையும் போகும், நாடும் போகும். இதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் போல அது எப்போதும் வீட்டில் இருந்தது.

வெயில் காலத்தில் அந்தக் குடும்பம் முழுவதும் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் என்ற ஊருக்குப் போய்விடும். ஹஜ்ஜம்மாவைக் கவனிக்க அம்மாவும் போவாள். அந்த வருடம் அவள் திரும்பி வந்தபோது, சாக்லேட் டப்பாவைச் சுற்றியிருந்த ஒரு மடிப்புத்தாளை எனக்குக் கொடுத்தாள். ஊரைச் சுற்றியுள்ள மலைகளின் படம். எந்தெந்த உச்சிக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாமோ அங்கெல்லாம் ஒரு சின்ன சக்கர நாற்காலி வரைந்திருந்தது. தாளில் கைஸ்பெர்க், மோன்ஷ்பெர்க், உண்டர்ஸ்பெர்க் என்று பெயர்கள். அம்மாவுக்கு அவை 'பஸ்ஸு மலை', 'லிப்டு மலை', 'கம்பி மலை'. முதலாவதன் தலை வரைக்கும் பேருந்து போகும், இரண்டாவதுக்குப் பாறைக்குள்ளே மின்தூக்கி, மூன்றாவதுக்குக் கம்பியில் தொங்கும் பெட்டி.

"மேல போயி என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பெஞ்சு போட்டுருக்கான். உக்காந்து பாத்துட்டு எறங்கிட்டோம்."

"பாக்குறதுக்கா மல ஏறுவான்?" என்றார் அப்பா. "சாமி இல்லையா?"

அம்மா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். முதல் நாள் பஸ்ஸு மலையில் இறங்கியதும் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு புல்லில் நாற்காலியைத் தள்ளியிருக்கிறாள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலை என்றால் அப்படித்தான். திரும்பி வந்தபோது, யாரோ தவறவிட்டது என்று ஒரு வெள்ளைக்காரர் அந்தச் செருப்பைப் பேருந்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டாராம். கம்பி மலையின் உச்சியில் பெரிய சிலுவை ஒன்று நின்றதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மனம் சமாதானமானது. "சாமி இருக்குங்க. எந்த சாமியா இருந்தா என்ன, மேல ஒண்ணு நிக்கிதுல்ல" என்றாள்.

எனக்கு அந்தத் தாளில் தீராத ஆர்வம் ஏற்பட்டது. பள்ளியும் இல்லாமல் வேலையும் இல்லாமல் அறையில் கிடந்த எனக்கு, ஒரு காரியமும் இல்லாமல் உயரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஜனங்கள் பெரிய புதிராக இருந்தார்கள். ஒரு படத்தில் கைப்பிடிக் கம்பியை ஒட்டி உலோகப் பலகை இருந்தது; எதிரே தெரியும் சிகரங்களை அப்படியே கோடாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் பெயர் பொறித்திருந்தார்கள். கண் தெரியாவிட்டாலும் அந்தப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டால் போதுமே என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை. அது அவருடைய கண்ணுக்குள் புகுந்திருந்தது. பக்கத்தில் இருப்பது தெரியும். தூரத்தில் எல்லாம் சோப்புத் தண்ணீருக்குள் பார்ப்பது போல என்றார். அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் அது. நாற்காலியை ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று சொல்லி என்னை முன்னிருக்கையில் உட்கார வைத்துக்கொண்டார். நான் உதடு அசையாமல், "செவப்பு", "பச்ச", "வலதுல ஆளு", "வேகத்தட" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவேன். லைசென்ஸ் புதுப்பிக்கும் கண் பரிசோதனை வரவிருந்தது; அந்த எழுத்து அட்டையையும் எங்கிருந்தாவது பார்த்து வந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொடு என்று கேட்டிருந்தார். நாங்கள் செய்தது தவறு. பின்னிருக்கையில் இருந்த ஹஜ்ஜம்மாவின் உயிரும், சாலையில் போனவர்களின் உயிரும் என் முணுமுணுப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. அன்று அது எனக்கு ஒரு திறமையாகத்தான் தோன்றியது.

குளிர் தொடங்கியதும் ஹஜ்ஜம்மா, இங்கேயும் ஒரு மலை இருக்கிறதே, அங்கே போனது போல இங்கேயும் போக வேண்டும் என்றார். மகனுக்கு நேரமில்லை. ராசுவைக் கூட்டிக்கொண்டு போ என்றுவிட்டார். ராசு என் அப்பா.

போவதற்கு முந்தைய நாள், நோட்டிலிருந்து தாள் கிழித்து அந்த ஆஸ்திரியப் பலகையைப் போலவே ஒன்று வரைந்தேன். ஆறாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவாக உச்சிக்குப் போயிருக்கிறேன். இடது ஓரத்தில் ஓட்டல், நடுவில் ஊர், ஊருக்குள் கரும்பச்சையாகப் பேரீச்சந்தோட்டங்கள், வலது ஓரத்தில் ஓமான் பக்கத்துப் பாறைகள். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பல் துலக்கும்போதுகூட ஒப்பித்துக்கொண்டிருந்தார். மேலே போனதும் என்ன தெரிகிறது என்று ஹஜ்ஜம்மா கேட்டால் அப்பா இதை ஒப்பிக்க வேண்டும்; ஓட்டுநரின் கண் கூர்மையாக இருக்கிறது என்று அந்த அம்மாளே வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம்.

அகலமான சாலை, மெதுவாகவே ஏறினோம். ஒவ்வொரு வளைவையும் நான் சொன்னேன். மேலே அம்மாவும் நானும் நாற்காலியை இறக்கி, ஊர் தெரியும் பக்கத்துக் கம்பி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனோம். அம்மா பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனாள். தார் சுட்டதால் மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அங்கே செல்வி சொல்வாள். இன்றைக்கு ராசு சொல்லட்டும்" என்றார் ஹஜ்ஜம்மா, அரபியும் இந்தியும் கலந்த தன் பேச்சில். செல்வி என் அம்மா. பிறகு கையை உயர்த்தி, காற்று முகத்தில் அடிக்கிறது, நாற்காலியைத் திருப்பு என்றார். அம்மா திருப்பினாள்.

காட்சி முனை என்றால் அதற்கு ஒரு பக்கம்தான் உண்டு என்று நான் நினைத்திருந்தேன். அந்த மடிப்புத்தாளில் இருந்த எல்லாப் பலகைகளும் ஒரு பக்கத்தையே பார்த்தன. அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று, நான் வாய் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்: இடது பக்கம் ஓட்டல், நடுவில் ஊர், பேரீச்சந்தோட்டம் ரொம்பப் பச்சையாக இருக்கிறது, மசூதியின் கோபுரம்கூடத் தெரிகிறது. மசூதியை அவராகச் சேர்த்துக்கொண்டார்.

ஹஜ்ஜம்மா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ராசு, வெயில் என் முகத்தில் அடிக்கிறது. சாயங்கால வெயில். இந்தப் பக்கம் மணல்தான் இருக்கும். நான் பிறந்த ஊர் இது. தோட்டம் என் முதுகுப் பக்கம்."

"ஆமா ஹஜ்ஜம்மா... வெயில்ல கூசுது" என்றார் அப்பா.

"அப்பா, விட்டுருங்க" என்றேன்.

அம்மா அழ ஆரம்பித்தாள். ஹஜ்ஜம்மா அவளை அதட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். அப்பா சாவியை அந்தக் கையில் வைத்தார். வைப்பதற்கு அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை, கை பக்கத்தில்தான் இருந்தது.

பேரனைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவன் நண்பனோடு வந்து வண்டியை எடுத்தபோது எங்களுக்கும் இடம் இருந்தது. "நான் எறங்கி வர்றேன், நீங்க போங்க" என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார். நான் அவரோடு நின்றுவிட்டேன்.

இறங்கும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் அப்பா நின்று, "இப்ப என்னடா தெரியுது?" என்று கேட்டார். எனக்கு ஏமாற்ற வேண்டிய அவசியம் இல்லாததால் அன்றைக்குத்தான் முதன்முறையாக நன்றாகப் பார்த்தேன். பாறை அடுக்கடுக்காகச் சாய்ந்து கிடந்தது. கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ஒரு சிமெண்ட் ஆலையின் புகை நேராக எழும்பி, பிறகு எதையோ மறந்தது போல ஒரு பக்கமாகத் திரும்பியது. சொன்னேன்.

"பொகைய ஏன்டா நேத்து தாள்ல போடல?"

"அழகா இல்லைனு விட்டுட்டேன்."

"அத போட்டுருந்தா நம்பியிருக்கும் அந்தம்மா" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஓர் இடத்தில் நிலைத்ததில்லை. தோஹாவில் நஜ்மா பக்கம் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன், பஹ்ரைனில் சாரம் கட்டினேன், இப்போது அல் குசைஸில் ஒரு கிடங்கில் டியூட்டி. எங்கே போனாலும் பக்கத்தில் மேடு இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பேன். ஏறிப் பார்த்துவிட்டு வருவேன். சால்ஸ்பர்க்குக்கு மட்டும் போனதில்லை. சென்ற குளிர்காலத்தில் லீவு கிடைத்தபோது பேருந்து பிடித்து அல் அய்னுக்குப் போனேன். அந்த வீடு இல்லை. இடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள். ஹஜ்ஜம்மா இல்லை, அப்பாவும் இல்லை. மடிப்புத்தாள் தோஹாவில் ஒரு கேம்ப்பில் மழை ஒழுகி என் பெட்டியோடு ஊறிப்போனது. நான் வரைந்த பலகையை அம்மா மறுநாளே சட்டையோடு துவைத்துக் கூழாக்கிவிட்டாள். மலை மட்டும் இருக்கிறது, பிரேக் நெடியும்.

மலையிலிருந்து நடந்து வந்ததற்கு மறுநாள் காலை, இரண்டு பெட்டிகளையும் கட்டி வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனோம். ஹஜ்ஜம்மா வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"ராசு, வண்டி கலாஸ், இனி இல்லை. பேரீச்ச மரத்துக்குத் தண்ணி விடு. மரம் பக்கத்தில்தான் நிற்கும், ஓடாது." என்னைக் கூப்பிட்டார். "வண்டியில் நீ முணுமுணுத்ததை, உன் சாமியைக் கும்பிடுகிறாய் என்று நினைத்தேன்." பிறகு தமிழில், என் குரலைப் போலவே, "செவப்பு, பச்ச" என்று சொல்லிக் காட்டினார். அம்மா பயத்திலும் சிரித்துவிட்டாள். "இனிமேல் முன்னால் உட்கார்ந்து எனக்குச் சொல். சத்தமாக."

ஒன்பது மணிக்குப் புது ஓட்டுநர் வந்தார். மணி விரிப்பு இல்லாத அந்த இருக்கை வெறுமையாகப் பளபளத்தது. நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தெரிந்த இந்தியில் ஆரம்பித்தேன்: கேட் திறந்திருக்கிறது, தெருவில் ஆள் இல்லை, எதிர் வீட்டு மதில்மேல் ஓர் ஆடு நிற்கிறது, எப்படி ஏறியது என்று தெரியவில்லை.