பயறுதின்னியின் நெஞ்செரிச்சல்

மாலி நாட்டில், செகூ பஸ் நிலையத்தில் ஆள் கூப்பிடுகிறவன் மாமாரி குலிபாலி. "பமாக்கோ, பமாக்கோ, பமாக்கோ!" என்று அவன் தொண்டையைத் திறந்தால், ஆற்றில் வலை வீசுகிறவன் கூட எதற்கும் ஒரு தடவை பமாக்கோ போய்விட்டு வருவோமா என்று யோசிப்பான். இருபத்திரண்டு வருஷமாக அவனுக்குச் சோறு போட்டது அந்தக் குரல்தான். வேறு ஒரு வேலையும் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவன் முயன்றதும் இல்லை. நான் ஜிகி, நிலையத்து வாசலில் பஞ்சர் ஒட்டுகிறவன். நானும் குலிபாலிதான், அவனுக்குப் பெரியப்பா மகன். ஆகவே அவனைப் பற்றி எதையும் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவன் வயிற்றுக்குள் ஒரு நாளில் என்னென்ன போகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் நான் போடும் டீ. சின்ன கிளாஸ்தான், ஆனால் கரி அடுப்பில் கொதித்துக் கொதித்துக் கஷாயமாகக் கறுத்திருக்கும். அதில் மூன்று சுற்று. அதன் மேல் எண்ணெய் சொட்டச் சொட்டத் தட்டைப்பயறு வடை எட்டு, மிளகாய்த் தூளில் புரட்டி. மதியம் ஒரு குன்று கம்பங்களியும் வெண்டைக்காய்க் குழம்பும். கையைக் கழுவின ஈரம் காய்வதற்குள் வேப்பமரத்தடியில் மல்லாந்துவிடுவான். இவ்வளவையும் இறுக்கிக் கட்டுவதற்கு ஒரு தோல் பெல்ட், கல்யாணத்தன்று வாங்கியது. வயிறு வளர்ந்தது, பெல்ட் வளரவில்லை. ஆனாலும் மாப்பிள்ளையாக இருந்தபோது மாட்டிய அதே ஓட்டையில்தான் மாட்டுவான். அது அவனுக்கு மானப் பிரச்சினை.

கம்பு அறுவடை முடிந்த சமயத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே, உள்ள யாரோ கரி அடுப்பு மூட்டிட்டாங்க. புளிப்புத் தண்ணியா தொண்டை வரைக்கும் எதுக்களிக்குது."

"டீ குடிக்கிறியா? சரியாப் போயிடும்" என்றேன். என் அறிவு அவ்வளவுதான்.

பத்து நாளில் குரல் கரகரத்துப்போனது. 'பமாக்கோ' என்று கூப்பிட்டால் 'பம்' மட்டும் வெளியே வந்தது. டயர் வெடித்துவிட்டது என்று டிரைவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிலையத் தலைவர் தெம்பெலேவுக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

"வர்ற திங்கக்கிழமை சந்தை வரைக்கும் பாப்பேன், மாமாரி. அதுக்குள்ள குரல் திரும்பலேன்னா ஸ்பீக்கர் குழாய் மாட்டிடுவேன். பேசினதைப் பதிஞ்சு வச்சா அதுவே நாள் பூரா கூவும். வடையும் கேக்காது."

மாமாரி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நானும் கூடப் போனேன். நர்ஸ் நோட்டைத் திறந்து பெயர் கேட்டாள். அங்கேதான் விதி விளையாடியது. அவள் பெயர் சித்தான் கெய்ட்டா. குலிபாலி வீட்டுக்கும் கெய்ட்டா வீட்டுக்கும் கேலிமுறை. பார்த்த இடத்தில் திட்டிக்கொள்ள வேண்டும், திட்டு வாங்கினவன் கோபப்படக் கூடாது. அதில் ஒரு சொல்லைக்கூட நிஜமென்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. முறை அப்படி. 'பயறுதின்னி' என்பதுதான் அதில் முதல் திட்டு.

"குலிபாலியா? அப்ப வியாதி என்னன்னு கேக்கவே வேணாம். பயறுதின்னி!" என்றாள்.

"கெய்ட்டாவா? எங்க வீட்டு மாட்டுக்குப் புல்லு போட்ட பரம்பரை, இப்ப மனுஷனுக்கு ஊசி போட வந்தாச்சா?" என்று இவன் கரகரத்தான். வரிசையில் இருந்த நோயாளிகளெல்லாம் நோயை மறந்து சிரித்தார்கள்.

அவள் நாடி பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். "இதயம் கல்லு மாதிரி இருக்கு. பயப்படாதே. காலையில என்ன சாப்பிட்டே?"

மாமாரி தரையைப் பார்த்துக்கொண்டு முனகினான். "பயறு வடை."

அவ்வளவுதான். அவள் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இப்ப நிஜமாவே சொல்றேன், கேளு. இரைப்பைக்கு மேல ஒரு கதவு இருக்கு. உள்ள ஏத்தின சரக்கு மேல வராம அது மூடிக்கணும். நீ எண்ணெயில ஊறின எட்டு வடையைத் திணிக்கிறே. மிளகாயும் கறுத்துப்போன டீயும் ஊத்தறே. வெளியிலேர்ந்து பெல்ட்டால நசுக்கறே. அப்புறம் வண்டியையே படுக்கப் போடறே. உள்ள இருக்கற புளிப்பு கதவைத் தள்ளிட்டு வராம என்ன பண்ணும்? அதுதான் நெஞ்சை எரிக்குது, தொண்டையைப் பொசுக்குது. வடையை நிறுத்து. படுக்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை முடிச்சுடு. பெல்ட்டைக் கழட்டு."

மாமாரி கைதட்டினான். "அபாரம்! கெய்ட்டாவுல இவ்வளவு நீளமா திட்டற ஆளை நான் பாத்ததே இல்ல!"

"ஐயோ, இது திட்டு இல்லப்பா!"

"குலிபாலியோட பெல்ட்டை அவுக்க உங்க பாட்டன் காலத்துலேர்ந்து பாக்கறீங்க. நடக்குமா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரைச் சீட்டின் மேலேயே 'பயறு வடை கூடாது' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள். மாமாரி மாத்திரை வாங்கவில்லை. அந்தச் சீட்டை வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டினான். கேலியை முத்திரை குத்தித் தந்தவள் இந்த ஊரிலேயே இவள் ஒருத்திதான் என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காட்டினான். எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தவன் நான்தான். நாங்கள் குலிபாலிகள் விட்டுக்கொடுப்போமா? பதில் மரியாதையாக அன்று அவன் பன்னிரண்டு வடை தின்றான்.

புதன்கிழமை காலையில் அந்த 'பம்'மும் போய்விட்டது. மரத்தடியில் நெஞ்சில் கைவைத்துப் படுத்திருந்தான். காற்றாக ஒரு குரல் வந்தது. "அண்ணே, நான் போறேன். பெல்ட்டை நீயே வச்சுக்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே பயந்துபோனேன். கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். சித்தான் மறுபடி சோதித்தாள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை, அதே எரிச்சல்தான். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க யாரு?"

"ஜிகி குலிபாலி."

"இன்னொரு பயறா!" என்று வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அண்ணே, நான் எதைச் சொன்னாலும் இவருக்கு அது கேலி. நீங்க ஒரே ரத்தம். உங்களுக்குள்ள கேலிமுறை கிடையாது. நீங்க சொல்லுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மரத்தில் ஆடிய சீட்டு கண் முன்னால் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மாமாரி, இந்தம்மா சொன்னது அத்தனையும் நிஜம்டா. வடை, மிளகாய், படுக்கை, பெல்ட். அப்புறம் என் டீ."

அவன் கண்ணைத் திறந்தான். "உன் டீயுமா?"

"என் டீயும்தான்." என் டீயை இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. நானே சொல்லவேண்டி வந்தது, அதுவும் ஒரு கெய்ட்டா முன்னால்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்தினான். அப்போது வந்த ஏப்பத்தில் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி படபடத்தது.

அடுத்த ஐந்து நாள் அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் கம்பங்கஞ்சி, மாத்திரை. டீ ஒரே கிளாஸ், அதுவும் கஞ்சிக்குப் பிறகு. மதியம் பாதிக் களி. தின்றபின் படுக்காமல், கட்டிப்போட்ட ஆடு மாதிரி வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். தலைமாடு உயரமாக இருக்கட்டும் என்று பாயின் தலைப்பக்கத்துக்கு அடியில் நான் பழைய டயர் ஒன்றை வைத்தேன்.

திங்கட்கிழமை சந்தைக் கூட்டம் பொங்கி வழிந்தது. தெம்பெலே கம்பத்தில் குழாயைக் கட்டிவிட்டார். "பமாக்கோ செல்லும் பயணிகள் வரவும்" என்று அது மூக்கால் பாடியது. மாமாரிக்கு முக்கால் குரல் திரும்பியிருந்தது. அவன் கூப்பிட்டும் ஆள் வரவில்லை. குழாய் கூப்பிட்டும் வரவில்லை. இனி வேலை இல்லை என்று சொல்ல, தெம்பெலே அவன் தோளில் கைவைக்க வந்தார். அந்த நேரத்தில் பையோடு உள்ளே நுழைந்தாள் சித்தான்.

மாமாரி பார்த்துவிட்டான். மீதிக் கால் குரலும் அந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது.

"வழி விடுங்கோ! கெய்ட்டா வருது! எங்க வீட்டு மாடு மேய்க்கறவங்களுக்கும் ஜன்னல் சீட்டு உண்டு! பமாக்கோ, பமாக்கோ!"

நிலையமே திரும்பிச் சிரித்தது. "டேய் பயறு, எனக்கு?" என்றான் துரே வீட்டுக்காரன் ஒருவன். அவர்களும் எங்களுக்குக் கேலிமுறைதான். "துரேயா? உனக்கு வண்டிக் கூரையில ஆட்டுக்குட்டியோட இடம்!" அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். அவன் பின்னால் ஆளுக்கு ஒரு குடும்பப் பெயரைச் சொல்லி, ஆளுக்கு ஒரு திட்டு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். குழாய் இன்னும் நாலு தடவை பாடுவதற்குள் வண்டி நிரம்பிவிட்டது. தெம்பெலே அண்ணாந்து குழாயைப் பார்த்தார்.

"யார் எந்த வீடுன்னு இதுக்குத் தெரியலையே" என்று சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கினார். மாமாரி பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டான். எனக்கும் கண் கலங்கியது.

வண்டி உறுமியது. ஜன்னலிலிருந்து சித்தான் எட்டிப் பார்த்தாள். "பயறுதின்னி, நல்லா கேட்டுக்க! தினமும் பத்து வடை தின்னு. தின்னதும் மல்லாந்து படு. பெல்ட்டை இன்னும் இறுக்கு!"

"ஒரு கெய்ட்டா சொல்லி நான் கேக்கறதா?" என்று மாமாரி கத்தினான். "செத்தாலும் வடையைத் தொடமாட்டேன்!"

அவள் சிரித்துக்கொண்டே ஜன்னலை மூடினாள். அவன் இன்றுவரை தொடவில்லை.