மெதுவாக நடப்பவர் முன்னால்

எங்கள் தமிழ்க் கூடுகையில் ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு என்னுடையது. டிசம்பர் விடுமுறையில் ஒரு வாரம், நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விடுதியைக் கேட்டு வாங்கி நடத்துகிறோம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழ் காதில் விழுந்தும் நாக்கில் ஏறாமல் போனவர்கள் வருவார்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கப் போகும்வரை தமிழில் மட்டுமே பேச வேண்டும் என்பது ஏற்பாடு. வகுப்பெடுக்க நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் வகுப்பில் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? கடையில் போய்ப் பற்பசை கேட்க வேண்டும், பஸ்ஸில் இடம் கேட்க வேண்டும், வழி தவறினால் விசாரிக்க வேண்டும். அதற்குத்தான் நான்.

பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். எனக்குத் திட்டம் போடத் தெரியும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

கூடுகையை நடத்தும் அண்ணாச்சி வங்கி மேலாளராக இருந்தவர். தங்கமான மனிதர். ஆனால் வெளியே போவதென்றால் அவருக்கு ஏசி வேனும் மதியச் சாப்பாடும்தான் முக்கியம், போகிற இடம் அதற்கப்புறம். சென்ற வருடக் கூடுகைக்கு அவரே ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வந்தார். முதல் நாள் திங்கட்கிழமை, பத்மநாபபுரம் அரண்மனை என்று எழுதியிருந்தது.

"அண்ணாச்சி, திங்கக்கெழம அரண்மனைக்கு லீவாக்கும். பூட்டுன கதவப் பாக்கவா இவ்வளவு தூரத்துலேருந்து வாறாவ?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீங்களே போடுங்க டீச்சர்." அதற்காகத்தான் காத்திருந்தேன். அரண்மனையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினேன். வழிகாட்டி வேண்டாம், ஆளுக்கு ஓர் அறையைப் பற்றித் தெரிந்துகொண்டு மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்றேன். அடுத்தது களியக்காவிளைச் சந்தை. கடைக்காரர் பாதி மலையாளத்தில் பதில் சொன்னாலும் விடாமல் பேரம் பேசி வாழைக்குலை வாங்கி வர வேண்டும். அதற்கப்புறம் பேச்சிப்பாறை அணைக்கட்டு. கடைசி நாளுக்கு மருந்துவாழ்மலை என்று எழுதினேன்.

மலை என்றதும் அண்ணாச்சி பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"டீச்சருக்கு முட்டு எப்படி இருக்கு?"

"முட்டு என் கூடத்தான் இருக்கு."

"கேலி பண்ணாதீங்க. டாக்டர் படியே ஏறக்கூடாதுன்னு சொன்னதா வீட்ல சொன்னா. பாறையில எப்படி ஏறுவிய? நீங்க போகாம ஆளுவள மட்டும் விட்டா அவ்வளவு பேரும் இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு நடப்பாவ. அதுக்கு எதுக்கு மலை? எல்லாரையும் கன்னியாகுமரிக்கு வேன்ல கூட்டிட்டுப் போயி கடலக் காட்டிட்டு வந்திரலாம். மலைய இந்த வருசத்துலேருந்து விட்டிருவோம்."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்த ஒரு வாரத்தில் முழுக்க முழுக்க என்னுடையது என்று ஒன்று உண்டென்றால் அது மலை நடைதான். யாரோ செய்ததைப் பார்த்து நான் ஆரம்பித்ததில்லை. "மலை உண்டு அண்ணாச்சி. நான் ஏறுகேன்," என்றேன். அவர் அதை அடிக்கவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டதை நான் பார்த்தேன். நான் ஏறாவிட்டால் மலை நடை அத்தோடு முடிந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மலை நடைக்கு நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றுதான். மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும், அவரை யாரும் முந்தக் கூடாது. ஆரம்ப வருடங்களில் கால் வேகமுள்ளவர்கள் முன்னால் ஓடிவிடுவார்கள். பின்தங்கியவர்கள் மூச்சிரைத்துக்கொண்டு தனியாக வருவார்கள். மூச்சிரைக்கும்போது மனிதனுக்குப் புதிதாகக் கற்ற மொழியில் பேச்சு வராது, ஆங்கிலம்தான் வரும், அல்லது ஒன்றுமே வராது. மெதுவானவரை முன்னால் விட்டால் எல்லோருக்கும் பேச மூச்சு மிஞ்சும். கடைசி ஆளாக நான் வருவேன். எங்கே ஆங்கிலம் கேட்டாலும் பின்னாலிருந்து கையைத் தட்டுவேன். என் கைத்தட்டலுக்கு வகுப்பறையே அடங்கும், மலை எம்மாத்திரம்?

வந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து வந்த பெரியவர். புத்தகத்தை வைத்துத் தனியே தமிழ் படித்தவர் என்பதால் அவர் பேசினால் மேடையில் பேசுவதுபோல் இருக்கும். "எனக்குச் சிறிதளவு சாம்பார் வேண்டும்," என்று அவர் கேட்டால் பரிமாறுகிற அம்மா கரண்டியோடு நின்றுவிடுவாள். இன்னொருத்தி மும்பையில் பிறந்த பெண், முப்பது வயதிருக்கும். பெற்றோர் தக்கலைக்காரர்கள். வந்தபோது "வணக்கம்" தவிர வாய் திறக்காதவள், மூன்றாம் நாளே சமையல்கட்டில் நின்று எங்கள் ஊர்ப் பேச்சை அள்ளிக்கொண்டாள். களியக்காவிளையில் அவள் வாங்கிய வாழைக்குலையைக் கடைக்காரரே வேனில் ஏற்றிவிட்டுப் போனார். இலக்கண ஆசிரியருக்கு அவள் தமிழ் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

மலை ஏறும் நாள் விடியற்காலை அடிவாரத்தில் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துவிட்டுக் கிளம்பினோம். முழங்காலில் இறுக்கமான உறை மாட்டியிருந்தேன், கையில் ஒரு கம்பு. கனத்த உடம்புக்காரர் என்பதால் டர்பன் பெரியவரை முன்னால் விட்டேன். "பைய நடங்க, யாரும் முந்த மாட்டாவ," என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் கடைசிக்கு வந்தேன்.

முதல் படிகள் நன்றாகத்தான் போயின. குரங்குகள் பாறை மேல் உட்கார்ந்து எங்கள் பைகளைக் கணக்குப் பார்த்தன. யாரோ குரங்குக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்க, தெரியும், ஆனால் மலையாளத்தில்தான் பதில் சொல்லும் என்று மும்பைப் பெண் சொன்னாள். எனக்கு ஒரே சிரிப்பு. இந்தத் திட்டம் யார் போட்டது என்று அண்ணாச்சியிடம் போய்க் கேட்க வேண்டும்போல் இருந்தது.

படிகள் முடிந்து பாறை தொடங்கிய இடத்தில் முழங்கால் தன் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு முறை கால் தூக்கி வைக்கும்போதும் உள்ளே ஏதோ பிடித்து இழுத்தது. கம்பை ஊன்றினேன். பல்லைக் கடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது எனக்கும் எனக்கு முன்னால் போனவருக்கும் நடுவில் ஒரு வளைவு அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. பேச்சுச் சத்தம் கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. என் கைத்தட்டல் அங்கே போய்ச் சேராது.

வளைவைத் தாண்டியபோது எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். பெரியவர் மேலேயிருந்து இறங்கி வந்து மிகுந்த மரியாதையோடு சொன்னார். "அக்கா, தாங்கள்தான் முன்னால் வர வேண்டும்."

என்னைவிட வயதில் மூத்தவர், என்னை அக்கா என்கிறார். சாதாரணமாக அதற்கே சிரிப்பு வந்திருக்கும். அன்று கோபம்தான் வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை, செருப்பில் கல் குத்தியது என்று வெடுக்கென்று சொன்னேன். யாரும் நகரவில்லை. சட்டம் நான் போட்டது. அவர்கள் அதை நன்றாகவே படித்திருந்தார்கள்.

முன்னால் போனேன். மாணவர்கள் பின்னால் வரிசையாக வர, பாதையில் முதல் ஆளாகக் கம்பூன்றி நடப்பது எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன்: அவமானமாக இருந்தது. நடுவழியில் ஆள் உட்கார வசதியாகக் கட்டில்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை ஒன்று உண்டு. அதுவரை போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. என் வேகத்தில் போனால் உச்சிக்குப் போய் வெயிலில் கருகித்தான் திரும்ப வேண்டும். என்னோடு சேர்ந்து எல்லோரும் திரும்பி இறங்கலாம். அப்படி இறங்கினால் அண்ணாச்சி போட்ட கேள்விக்குறி சரியாகிவிடும்.

"நீங்க போங்க. நான் இஞ்ச இருக்கேன்," என்றேன்.

"தங்களை விட்டுவிட்டா?" என்றார் பெரியவர்.

"போகச் சொன்னா போகணும்." வகுப்பறைக் குரல் அது. முழங்கால் உறையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அவர்கள் காலடி ஓயும்வரை நிமிரவில்லை.

பாறையில் உட்கார்ந்தேன். கீழே வயல், வாழைத்தோட்டம், தென்னந்தோப்பு, அதற்கப்பால் கடல். பாதை என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு போகிற இடம் அது. ஆள் தெரியாது, பேச்சு நன்றாகக் கேட்கும். இனி ஆங்கிலம்தான் கேட்கப் போகிறது என்று மனதைத் தயார் செய்துகொண்டேன். கை தட்ட ஆள் இல்லை. எத்தனையோ வருடங்களாக நான் பின்னால் நடந்ததால்தான் அவர்கள் தமிழ் பேசினார்கள் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

மேலே காலடிகள் நின்றன. பெரியவரின் குரல் கேட்டது.

"அவரைத் தனியே விட்டு வந்தது பெரும் பிழை. நாம் திரும்ப வேண்டும்."

"அக்கா போகச் சொன்னாவ," என்றாள் மும்பைப் பெண்.

"அவர் சொல்லுவார். நாம் கேட்கக் கூடாது. நீ சிறு பெண், உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. நீங்க அக்கா மூஞ்சியப் பாத்தியளா? நான் பாத்தேன். அழுதாவ. குனிஞ்சு குனிஞ்சு அழுதாவ. நம்ம பாத்தா அவியளுக்குப் பிடிக்காது. அதான் நான் நிக்காம வந்தேன். நீங்க இப்பம் திரும்பிப் போயி நின்னா அவியளுக்கு இன்னும் கஷ்டம்."

அந்த வாரம் முழுக்க, கோபம் வந்தபோதெல்லாம் அவர்கள் ஒவ்வொருவரும் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவியதை நான் பார்த்திருக்கிறேன். சாந்தமாக இருக்கும்வரைதான் தமிழ். இப்போது இரண்டு பேரும் நல்ல கோபத்தில் இருந்தார்கள், பக்கத்தில் நான் இல்லை, ஓர் ஆங்கில வார்த்தைகூட விழவில்லை. அவர் புத்தகத் தமிழில் அதட்டினார், அவள் எங்கள் ஊர்த் தமிழில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பெரியவர், "சரி மகளே, நட," என்றார். காலடிகள் மேலே ஏறின.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வலிக்கவும் செய்தது, முழங்கால் மட்டும் இல்லை. யாரும் பார்க்காத இடம்தானே என்று கொஞ்ச நேரம் அழுதேன்.

அப்போது போன் அடித்தது. அண்ணாச்சி.

"டீச்சர், மேல போயாச்சா?"

"இல்ல அண்ணாச்சி. என்னால முடியல. பாதியில இருக்கேன்."

"அப்பம் மத்த ஆளுவ எங்க?"

"மேல போறாவ."

"நீங்க இல்லாமலா? இங்கிலீஷ்ல பேசிக்கிட்டுத்தானே போவாவ."

"சண்டையே தமிழ்லதான் போடுகாவ. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்ன சண்ட?"

அதைச் சொல்லவில்லை. "அடுத்த வருசமும் மலை உண்டு அண்ணாச்சி, எழுதிக்கிடுங்க," என்றேன். "கூட்டிட்டுப் போக ஆளு வேண்டாம். அவியளே போயிட்டு வருவாவ."